கிணத்தடி டப்பா

அந்த மூடி இல்லங்க. அதை விட்டுருங்க, தூக்காதீங்க. இரும்பு மூடி, கால்ல விழுந்தா நகமே போயிரும். ஆமா, உங்க ஃபோன் அங்கதான் காட்டும். எல்லார் ஃபோனும் அங்கதான் காட்டுது. நேத்து ஒருத்தர், முந்தாநேத்து ரெண்டு பேரு, ஞாயித்துக்கிழமை ஒரு வேன் நிறைய ஆளுங்க. நேரா வந்து இந்த மூடி மேல நின்னுக்கிட்டு, ஃபோனை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, கடைசில குனிஞ்சு மூடியைப் புடிக்கிறாங்க. வேணாம் வேணாம்னு சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு.

வாட்ச்மேனா? இல்லங்க, நான் பிளம்பர். அதோ நிக்குது பாருங்க வண்டி, பின்னாடி பைப் கட்டியிருக்கேன். ஒரு வீட்டுல பாத்திரம் கழுவுற தொட்டிக்கு அடியில ஒழுகுது, எட்டு மணிக்கு வரேன்னு சொன்னேன். இப்ப பதினொண்ணரை. அந்தம்மா நாலு தடவை கூப்பிட்டாச்சு. வாளி ரொம்புது, நீ எங்க போய்த் தொலைஞ்சேன்னு கேக்குறாங்க. கிணத்தடியில டப்பாவுக்குக் காவல் இருக்கேன்னு அவங்ககிட்ட சொல்ல முடியுமா சொல்லுங்க.

நீங்க மூணாவது தடவையா வர்றீங்கல்ல? தெரியும். போன வியாழக்கிழமையும் இதே பச்சைப் பையோட வந்தீங்க. நான்தான் கத்தி விரட்டினேன். கார்ல உக்காந்திருக்கறது வீட்டுக்காரரா? இறங்கவே மாட்டேங்குறாரே, கோவமா? நியாயம்தான். டப்பாக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா மனுஷன் இன்னும் கோவிச்சுக்குவாரு. முனை ஒடைஞ்ச பென்சில் ஒண்ணு. மூணு சக்கரத்துல ஒரு பொம்மைக் கார். சட்டைப் பட்டன் ரெண்டு. வந்தவங்க பேரும் தேதியும் எழுத ஒரு குட்டி நோட்டு. எவனோ ஒளிச்சு வச்ச டப்பாவை ஃபோனைப் பாத்துத் தேடுற இந்த விளையாட்டுக்குத்தான் பெட்ரோல் போட்டுக்கிட்டு வர்றீங்க.

எனக்கு எப்படித் தெரியும்னா, அது நான் வச்ச டப்பா. இருங்க, முழுசாக் கேளுங்க. மொதல்ல வச்சது வேற ஆளு. வெறுங்கால்னு பேரு வச்சுக்கிட்டு உங்க வெப்சைட்ல இருக்கானே, அந்தப் புண்ணியவான். அவன் இந்த மூடிக்கு உள்ள, செங்கல் இடுக்குல செருகி வச்சிருந்தான். போன வருஷம் எனக்கு இதுக்குள்ள ஒரு வேலை. திறந்தா டப்பா. எவனோ குப்பையைப் போட்டிருக்கான்னு தூக்கிக் குப்பைத்தொட்டியில வீசிட்டேன். அதுல ஆரம்பிச்சது எனக்குச் சனியன்.

என்ன வேலையா? சொல்றேங்க, அதுக்குத்தான் வர்றேன்.

ஒரு வாரம் போச்சு. அக்கா என்னைத் தேடிக்கிட்டு வந்தா. அக்கா வீடு எதிர்லதான், நீலக் கதவு. ஜன்னல் திறந்திருக்கு பாருங்க, அதை ஒட்டின கட்டில்ல எங்க மாமா படுத்திருக்காரு. அக்கா வீட்டுக்காரர். மூணு வருஷமா வலது பக்கம் கையும் வராது, காலும் வராது. பேச்சு மட்டும் நல்லா வரும். போர் போடுறது அவரு தொழில். இந்தக் கிணறு அவரு போட்டதுதான். இங்க சொட்டுத் தண்ணி கிடைக்காதுன்னு ஊரே சிரிச்சிருக்கு. மனுஷன் பிடிவாதமா இருநூத்தி எண்பது அடி இறக்கினாரு. தண்ணி தானா ஏறி வந்து குழாய் வாயில பொங்கிருச்சு. மோட்டார் இல்ல, கரண்ட் இல்ல. ஆர்ட்டீசியன் கிணறுன்னு உங்க வெப்சைட்ல போட்டிருக்கே, அது இதுதான். வாழ்நாள்ல ஆயிரம் போர் போட்டிருப்பாரு. தானாப் பொங்கினது இது ஒண்ணுதான்.

கட்டில்ல இருந்து அவருக்குக் கிணறு தெரியாது, சுவர் மறைக்கும். தண்ணி விழுற சத்தம் கேக்கும். அப்புறம் நீங்கள்லாம் எழுதுறது. டப்பா கிடைச்சுது, கிணத்துத் தண்ணி குடிச்சோம், ஜில்லுனு இருந்துச்சு, மோட்டாரே இல்லாம வருது, ஆச்சரியமா இருக்குன்னு எழுதுவாங்கல்ல? அக்கா தினம் சாயங்காலம் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி அதை வாசிப்பா. எங்கேருந்து வந்தாங்க, எத்தனை பேரு, எத்தனை டம்ளர் குடிச்சாங்கன்னு கேப்பாரு. கேட்டுட்டுத்தான் சாப்பாட்டுல கை வைப்பாரு.

நான் டப்பாவை வீசினதும் என்ன ஆச்சு? வர்றவன்லாம் கிடைக்கல, கிடைக்கலன்னு எழுதிட்டுப் போயிட்டான். கோவத்துல இருக்கறவன் தண்ணியைப் பத்தியா எழுதுவான்? ஏன், இப்பல்லாம் யாருமே குடிக்கிறதில்லையான்னு மாமா கேட்டிருக்காரு. அக்கா வந்து என்னை உலுக்கி எடுத்துட்டா. குப்பைத்தொட்டிக்கு ஓடினேன். டப்பா இருக்குமா? லாரி அள்ளிட்டுப் போயிருச்சு. அப்புறம் என்ன பண்றது, குழாய் வாஷர் போட்டு வைக்கிற டப்பாவைக் கழுவி, அக்கா வீட்டுல கிடந்த காரு, என் பழைய சட்டைப் பட்டன், எல்லாத்தையும் போட்டு நானே ஒரு புதையல் தயார் பண்ணேன். அந்த வெறுங்கால் எனக்கு நன்றின்னு எழுதுறான்.

பழைய இடத்துல வைக்க முடியல. வேற இடத்துல வச்சேன். ஆனா உங்க ஃபோன் பழைய இடத்தைத்தானே காட்டுது. பத்தடி தள்ளி மாத்துப்பான்னு வெறுங்கால்கிட்ட எழுதிக் கேட்டேன். ஏன்னு கேக்குறான். ஏன்னு சொல்ற மாதிரி இருந்தா நான் ஏன் அவன்கிட்ட கெஞ்சுறேன்? டப்பாவை எடுத்துரவும் முடியல, எடுத்தா மாமாவுக்கு வாசிக்க ஒண்ணும் இருக்காது. வைக்கவும் முடியல, வச்சா ஆளாளுக்கு வந்து மூடியைத் தூக்குறீங்க. பிழைப்பை விட்டுட்டு இங்க நிக்கிறேன். சில நாளு எரிச்சல்ல எனக்கே தோணும், எல்லாத்தையும் போட்டு ஒடைச்சுட்டுப் போயிரலாம்னு.

கேக்குதா? ஆமா, காலுக்கு அடியிலதான். உங்களுக்குக் காது கூர்மைங்க. போன வியாழக்கிழமையே கேட்டுருச்சே. மத்தவங்க யாரும் கவனிக்கல. நீங்கதானே எழுதினீங்க? டப்பா கிடைக்கல, ஒரு முரட்டு ஆளு விரட்டினாரு, மூடிக்கு அடியில மோட்டார் ஓடுற சத்தம் கேக்குது, இது தானா வர்ற தண்ணி இல்லன்னு.

ஐயோ, நீங்க ஏன் மன்னிப்பு கேக்குறீங்க. எழுதினது நிஜம்தானே. போன வருஷம் ஒரு நாள் காலையில வந்து பாத்தேன், குழாய் வாயில ஈரம்கூட இல்ல. உள்ள கயிறு விட்டுப் பாத்தா தண்ணி பதினஞ்சு அடிக்குக் கீழ நிக்குது. சுத்தி இத்தனை பேரு போர் போட்டு உறிஞ்சினா எப்படி மேல ஏறும்? ஜன்னல்ல இருந்து மாமா குரல் குடுக்குறாரு, என்னடா சத்தத்தையே காணோமேன்னு. குழாய் மாத்துறோம், ரெண்டு நாள் ஆகும்னு அக்கா சொல்லிட்டா. சொல்லிட்டு என் மூஞ்சியைப் பாத்தா. அந்த ரெண்டு நாள்லதான் இந்த மூடியைத் திறந்து, உள்ள இன்னும் ஆழமாத் தோண்டி, அரை ஹெச்பி மோட்டார் ஒண்ணை இறக்கி, ரோட்டுக்கு அடியிலயே ஒயரைக் கொண்டுபோய் அக்கா வீட்டு மீட்டர்ல குடுத்தேன். தண்ணி அதே தண்ணிதாங்க, சத்தியமா. தானா ஏறல, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எங்க மாமாவுக்கு எல்லாமே.

நீங்க எழுதினதை அக்கா முன்கூட்டிப் படிச்சுப் பாக்கல. எப்பவும் பாப்பா, அன்னைக்கு அடுப்புல ஏதோ வச்சுட்டு அவசரமா வந்து உக்காந்திருக்கா. மோட்டார் ஓடுற சத்தம் கேக்குதுன்னு வாசிச்சுட்டா. வாசிச்சப்புறம்தான் அவளுக்கே உறைச்சிருக்கு. நானும் அங்கதான் நின்னேன். மாமா கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு வந்த கோவத்துக்கு, உங்களைப் புடிச்சு நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கணும்னுதாங்க ஒரு வாரமா வேலைக்குப் போகாம இங்கயே நின்னேன்.

இன்னைக்குக் காலையில மாமாவைச் சாய்ச்சு உக்கார வைக்கப் போனேன். அக்கா உள்ள இருந்தா. என் கையைப் புடிச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னாரு. டேய், வயசான ஊத்துடா அது, இவ்வளவு வேகமா விழாது, வால்வைக் கொஞ்சம் குறைன்னு.

அவ்வளவுதான் சொன்னாரு. எத்தனை நாளாத் தெரியும்னு நான் கேக்கல. எப்படிங்க கேக்குறது? வந்து வால்வைக் கால் சுத்து மூடினேன். திரும்பிப் போனா, அக்கா காதுல விழுற மாதிரி சத்தமாக் கேக்குறாரு, இன்னைக்கு யாராவது வந்தாங்களா, தண்ணி குடிச்சாங்களான்னு. அக்கா சந்தோஷமா ஃபோனைத் தேடுறா. அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. வெளிய வந்து நின்னுட்டேன்.

டப்பா அந்தப் பெஞ்சுக்குப் பின்னாடி இருக்கு, ரெண்டாவது செங்கல்லை இழுத்தா வரும். எடுத்துப் பேரெழுதிட்டுத் திரும்ப அங்கயே வச்சிருங்க. வீட்டுக்காரரையும் இறங்கச் சொல்லுங்க, ஆளுக்கு ஒரு டம்ளர் குடிங்க. கிடைச்சுதுன்னு எழுதுங்க. தண்ணி மெதுவா விழுதுன்னும் ஒரு வரி சேத்துக்கங்க. ஆறு மணிக்குள்ள எழுதிருங்க, அக்கா ஆறு மணிக்கு வாசிக்க உக்காந்துருவா.