கால்சியம் கோடு

டீயில் ஏலக்காய் போடுவது எனக்குப் பிடிக்காது. எங்கள் கல்பாத்தி வீட்டில் காபிதான். ஏலக்காய் எந்த வாசனையையும் அமுக்கிவிடும், இன்ஸ்பெக்டர் ஜோபி.

யோகப்பிரியாவுக்கு அது இல்லாமல் ஆகாது. பெருமாட்டியில் தென்னந்தோப்புக்காரர் மகள். எங்கள் கல்லூரியில் இயற்பியல் துறைக்கு ஆசிரியையாக வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நடுவகிடும் பவ்யமுமாக ஓர் அசட்டு முகம்.

உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். மிகப் பழைய நட்சத்திரங்களில் உலோகம் குறைவு. வானத்தைப் படமெடுத்து, நிறத்தை வைத்து லட்சங்களில் சிலதைப் பொறுக்குவோம். பிறகு அவற்றின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து உறுதி செய்வோம். முதலில் சந்தேகம், பிறகு விசாரணை. உங்கள் பிழைப்புதான், கொஞ்சம் மூளை கூடுதலாக வேண்டும்.

நான் பொறுக்கியவற்றை வைத்துத்தான் வெளிநாட்டில் என் பெயர் தெரியும். அதில் ஒன்றை நானே கழித்துவிட்டேன். நிறமாலையில் கால்சியத்தைக் காட்டும் கறுப்புக் கோடு தடிமனாக இருந்தது, ஆகவே உலோகம் நிறைய என்று எழுதிவிட்டேன். அவள் அதைத் தோண்டி எடுத்துக்கொண்டு, ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் வந்து நின்றாள்.

"சார், அந்தக் கோடு நட்சத்திரத்தோடது இல்லீங்க. வேகம் ஒத்து வரலீங்க. நமக்கும் அதுக்கும் நடுவால கெடக்குற வாயுவோடதுங்க."

நட்சத்திரத்தின் சொந்தக் கோடு பக்கத்திலேயே நூல் மாதிரி இருந்ததாம். அப்படியானால் நாங்கள் பார்த்ததிலேயே பழையது அதுதான். வண்டன்மேட்டு ஆசிரியர் முகாமில் அறிவிக்கப் போவதாகச் சொன்னாள். கொஞ்சம் பொறு என்றேன். அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"உங்க பேரையே முன்னால போட்டுக்கலாமுங்க சார்."

எனக்குப் பிச்சை போடுகிறாள். அன்றைக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது.

வண்டன்மேட்டில் ஏலத்தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து வாங்குவதில் சிரமமே இல்லை. முகாமின் முதல் நாள் காலையில் டீயை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் கையால் டீயா என்று கூச்சப்பட்டாள். ருசி கொஞ்சம் மாறியிருக்கும். முகம் சுளிக்காமல் முழுவதையும் குடித்தாள். மரியாதை தெரிந்தவள்.

பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கேவலமாக இருக்கும். அந்தக் கோட்டை நானே பார்த்திருப்பேன். பதினோரு வருஷமாக அந்த நிறமாலை என் மேஜைமேல்தான் இருந்தது. எனக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை.