துண்டுக்குள் ஆறு விரல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், உடுமலைப் பக்கம் கயிறு திரிக்கும் வேலையை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். செருப்பு அறுந்ததால் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் ஒரு மாட்டுத் தரகரும், நர்ஸ் உடுப்பில் அவருடைய அக்கா மகளும்.

"மாசச் சம்பளம் எத்தனை, அம்மணி?"

"பஸ்ஸுல எல்லாருக்கும் கேக்குமுங்க மாமா."

அவர் தோள்துண்டை அவள் கைமேல் போட்டார். சந்தையில் விலையைத் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் சொல்வார்கள். அவளும் உள்ளே அவர் விரல்களைப் பிடித்தாள்.

"ஆறு. ஆறாயிரமா?"

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அறுநூறா!" அவர் போட்ட சத்தத்தில் டிரைவரே திரும்பினார்.

"அப்புறம் எதுக்குங்க மாமா துண்டு?"

"மூணு வருசம் படிச்சவளுக்கு அறுநூறா? சந்தையில மாட்டைப் புடிச்சு நிக்கறவனே அதுக்கு மேல வாங்கறான், கண்ணு! அவன் எந்தப் பரீட்சை எழுதுனான்?"

"அதுதான் பஸ்ஸே கேட்டுப்போட்டுதே. நாளைக்கு ஆஸ்பத்திரியில டாக்டருகிட்டயும் சத்தமாவே கேக்கறேனுங்க, ஆயிரம் வேணும்னு. மத்த நர்சுகளுக்கும் கேக்கட்டும்."

"துண்டு வேண்டாமா?"

"நீங்களே வெச்சுக்கோங்க."

மறுநாள் காலை சந்தையில் மாடு பிடித்து நிற்கும் வேலைக்குப் போனேன். கூலி பேச ஒருவர் துண்டை நீட்டினார். நான் கையை உள்ளே விடவில்லை. வாய்விட்டே கேட்டேன்.