அவர் ஒரே தடவைதான் கேட்டார்

— அக்கா, முதல்ல அந்த இனிப்பைப் பிரி! இத்தாலிக்காரர் கேட்டுட்டார். நம்ம டைல்ஸ் ஃபாக்டரியில பாதிப் பங்கு எடுத்துக்கட்டுமான்னு அவர் வாயாலயே கேட்டுட்டார்!

— கியூமர்ஸ், நிஜமாவா? சூளைக்கு பர்னர்?

— அவரே அனுப்புறாராம், பாரேன்! பொருளாதாரத் தடைன்னு சொல்லி நம்ம ஈரானுக்கு ஒரு திருகாணி விக்க எவனும் வரல. பெரிய கம்பெனி எல்லாம் பயந்து ஓடிடுச்சு. இந்த மனுஷன் சொந்தக் காசைப் போடுறேங்கறார்!

— கடவுளே! எட்டு மாசமா அணைஞ்சு கிடக்கிற சூளை. அறுபது பேரும் வேலைக்குத் திரும்பிடுவாங்க. சரி, நீ என்ன சொன்ன?

— வேற என்ன சொல்வேன்? வேண்டாம்னேன்.

— என்னது!

— விருந்தாளிகிட்ட காசு வாங்குறதா, உங்க காலடி பட்டதே போதும்னேன். முதல் தடவை கேட்டதும் தலையாட்ட நாம என்ன அலைஞ்சவங்களா?

— எத்தனை தடவை கேட்டார்?

— ஒரு தடவை. நம்ம வழக்கப்படி மூணாவது தடவை கேட்கட்டும், சரின்னுடறேன்.

— அடப்பாவி! அவர் என்ன நம்ம யஸ்த் ஊர்க்காரரா, மூணு தடவை கெஞ்ச? அவங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தாண்டா!

— மனுஷன்தானே அக்கா, இந்த மரியாதைகூடவா தெரியாது? சிரிச்சார், பாரேன். என்னைக் கட்டிப் பிடிச்சு ரெண்டு கையையும் குலுக்கிட்டு கார்ல போய் உக்காந்தார்.

— விடை வாங்கிட்டுப் போயிருக்கார்! விமானம் எத்தனை மணிக்கு?

— அஞ்சுக்கு... அக்கா, எதுக்கு செருப்பைத் தேடுற?

— ஓடிப் போய் அவர் கால்ல விழத்தான்! தடை தளர்ந்தே மூணு மாசம் ஆகுது. நாளைக்கே மறுபடி இறுக்கிட்டா இந்தப் பக்கம் யார் வருவா? வண்டிச் சாவி எங்கே?

— உன் கையிலதான் இருக்கு. ஐயோ, நீயே ஓட்டு... இரு, யாரோ கதவைத் தட்டுறாங்க.

— நான்தான் அக்கா, பரிநாஸ். மொழிபெயர்க்க வந்தவ. அவர் வாசல்ல கார்ல இருக்கார். ஒப்பந்தத்துல அவர் கையெழுத்துப் போட்டாச்சு, உங்க ரெண்டு பேரோடதும் வேணுமாம்.

— ஏதும்மா ஒப்பந்தம்? இவன்தான் வேண்டாம்னு சொல்லிட்டானாமே!

— சொன்னார். நானும் இந்த ஊர்லதானே அக்கா பொறந்தேன்? சம்மதம், ரொம்ப சந்தோஷம்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்.

— பரிநாஸ்! நீ நூறு வருஷம் இருக்கணும்! பார்த்தியா அக்கா, பங்கும் வந்தாச்சு, நம்ம மரியாதையும் கெடல!

— மன்னிக்கணும் ஐயா, இன்னொண்ணு. ஃபாக்டரியை யார் நடத்துறதுன்னு அவர் கேட்டாரே. நீங்க, எனக்கு என்ன தெரியும், சூளைக்கு எந்தப் பக்கம் வாசல்னுகூடத் தெரியாது, எல்லாம் எங்க அக்கா மஹ்லகாதான்னீங்க.

— அதுவும் சும்மா மரியாதைக்குச் சொன்னதும்மா!

— அப்படியா? அது ஒண்ணைத்தான் ஐயா, நிஜம்னு நினைச்சு அப்படியே சொன்னேன். மேனேஜர்ங்கிற இடத்துல அக்கா பேரை எழுதிட்டார்.