குதிகால் பார்த்த ஜிஸ்லேன்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, நகரத் தலைவர் அவர்களே, பெரோன் குடும்பத்தாரே, சகெனே ஆற்றின் இரு கரையிலிருந்தும் இந்தப் பனியில் வண்டியோட்டி வந்திருக்கும் என் அருமைப் பெருமக்களே, வணக்கம்.

இரங்கல் கூட்டம் என்றுதான் அழைத்தார்கள். வாசலில் நுழையும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. கேட்காமல் இருக்குமா? போயிருப்பவர் யார்? நம் தலைமைச் செவிலியர் ஜிஸ்லேன் பெரோன் அம்மையார் அல்லவா! எண்பத்து நான்கு வயதிலும் எவரையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள விடாதவர் அல்லவா! நெடுங்காலம் அவரோடு ஒரே மருத்துவமனையில் இதய மருத்துவனாக இருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அந்தக் காலத்தில் இங்கே குடியேறக் கப்பலேறி வந்த சில குடும்பங்களின் வாரிசுகள்தானே நாமெல்லாம்? அவர்களில் யாரோ ஒருவர் ஒரு பிறவிக் கோளாறையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். ரத்தத்தில் கெட்ட கொழுப்பைச் சுமந்து திரியும் எல்.டி.எல். துகள்களை ஈரல் அகற்ற வேண்டும். சில வீடுகளில் அது சரியாக நடப்பதில்லை. ஆள் ஒல்லிக்குச்சியாக இருப்பார். இதயக் குழாயோ இளம் வயதிலேயே அடைத்துக்கொள்ளும். அதே கொழுப்பு குதிகால் தசைநாரிலும் முடிச்சு முடிச்சாகத் தேங்கும்.

அந்த முடிச்சைப் பார்த்து நாம் என்ன சொன்னோம்? "சறுக்குக் காலணி கடிச்சிருக்கு" என்றோம்! பனித்தரையில் சறுக்கி ஹாக்கி ஆடாத ஆண்பிள்ளை இந்த ஊரில் ஏது? காலணியைக் கடையில் கொடுத்துத் தளர்த்திக்கொண்டு, மறுபடி பனியில் இறங்கினோம்.

சொலாஞ்ச் வில்நெவ்வின் திருமணம் நினைவிருக்கிறதா? மணப்பெண் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடிக்கொண்டிருந்தாள். நம் அம்மையார் நட்டநடுவில் மண்டியிட்டு, முடிச்சு விழுந்திருந்த அவள் குதிகாலைப் பிடித்துவிட்டார்!

"ஐயோ சிஸ்டர், என் கல்யாணத்துல என்ன பண்றீங்க?"

"ஏம்மா, நீ எப்பவாச்சும் ஹாக்கி ஆடியிருக்கியா?"

"நானா? ஐஸ்ல நின்னாலே குப்புற விழுவேன்!"

"அப்போ உன்னை எந்தக் காலணி வந்து கடிச்சுது?"

மறுவாரமே, அவள் அண்ணன் ஆரேலைத் தேடி ஹாக்கி அரங்கின் உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தார். வீரர்கள் துண்டைத் தேடி ஓடினார்கள். "மூடிக்காதீங்கப்பா! எனக்கு வேண்டியது குதிகால் மட்டும்தான்!" என்றாராம்.

நம் கோல்கீப்பர் ஆரேலுக்கு அப்போது முப்பத்தாறு வயது. மனைவி முழுகாமல் இருந்தார்.

"எங்க வீட்டு ஆம்பளைங்க நாப்பதைப் பாக்க மாட்டாங்க சிஸ்டர். பெரியப்பா போனாரு, அப்பா போனாரு. அது எங்க ராசி."

"ராசியாம் ராசி! அது உன் கால்ல உக்காந்திருக்கு, தடவிப் பாரு. பொறக்கப்போற புள்ளைக்கு அப்பா வேணுமா, அப்பா போட்டோ போதுமா? கையை நீட்டுடா!"

நீட்டினார். ரத்தத்தில் இருந்த கொழுப்பு அளவைக் கண்டு எனக்கே பகீரென்றது. அண்ணனுக்கு மட்டுமா? தங்கைக்கும் அப்படித்தான்! நல்லவேளையாகக் கொழுப்பைக் குறைக்கும் புது மாத்திரை அப்போதுதான் வந்திருந்தது. ஒரு நாள் தவறினாலும் அம்மையார் வீட்டுக்கே போய்விடுவார். "கிறிஸ்துமஸுக்குச் சுடுற கறி அடைச்ச ரொட்டியை ஒரு துண்டு தின்னு, வேண்டாங்கலை. தட்டை வழிக்காதே" என்பார்.

நாற்பதாவது பிறந்தநாளும் வந்தது. ஆரேல் படுக்கையை விட்டு எழவே இல்லை. எழுந்தால் செத்து விழுந்துவிடுவோம் என்ற பயம். மனைவி கைபிசைந்து நின்றார். கதவை இடித்துக்கொண்டு யார் வந்தார்? வேறு யார்!

"எந்திரிச்சுக் குப்பையை வெளிய வைடா, வண்டி வருது! நாப்பது ஆயிடுச்சு. இனிமே எல்லாரையும் மாதிரி நீயும் கிழவனாகித்தான் தீரணும், வேற வழியே இல்ல!"

ஆரேல் அழுதுகொண்டே குப்பை வைத்தாராம். தெருவில் வேறு எவருக்காவது குப்பை வைப்பதில் அத்தனை ஆனந்தம் இருந்திருக்குமா?

பெருமக்களே, அந்தக் குடும்பத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு இந்தக் கோளாறு வரலாம். ஊரில் இன்னும் எத்தனையோ பேர் காலணியைக் குறை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்களை விட்டுவிடுவோமா? விடமாட்டோம்! அண்ணனைக் கண்டால் தங்கையைத் தேடுவோம். தங்கையைக் கண்டால் அவள் பிள்ளையைத் தேடுவோம். இது ஜிஸ்லேன் அம்மையாருக்கு நாம் கொடுக்கும் வாக்கு!

இன்று காலை அம்மையாரின் சவப்பெட்டியை முன்னால் நின்று சுமந்தவர் ஆரேல். இறக்கி வைத்ததும் என் காதருகே வந்து, "மூட்டு வலி தாங்கலை டாக்டர்" என்று முனகினார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அந்த வம்சத்திலேயே மூட்டு வலி வருகிற வயதை எட்டிய முதல் ஆண் அவர்தான்!