பூ வாடினால் ஓடும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் நம் பக்கத்துக்குப் புதிதாக வந்த சமயம். திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். முன்சீட்டில் ஒரு பெண் தன் அக்காள் புருஷனிடம் சொன்னாள்:

"பூ வாடிட்டா எங்க மில்லு கம்ப்யூட்டரு நல்லா ஓடுது மாமா."

"என்ன புள்ள உளர்ற?"

"வெள்ளிக்கிழமை பூஜை போட்டதும் அப்படியே நின்னு போவுது. எந்த பட்டனைத் தட்டினாலும் அசையாது. நான்தான் கெடுக்கிறேனாம். இன்னொரு தடவை நின்னா வேலைக்கு வராதன்னுட்டாரு முதலாளி."

"மாலையை எங்க போடறாரு?"

"கம்ப்யூட்டரு பொட்டிக்குப் பின்னாடி இருக்கிற ஃபேன் மேல. நிக்க நிக்கப் பெரிய மாலையா வாங்கிக்கினு வர்றாரு."

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் ஒற்றை லாரியை நாலாக்கியவன். சூடேறின இன்ஜின் எத்தனை பார்த்திருப்பேன். மாமன் வாய் திறக்குமுன்பே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அவனும் அதையே சொன்னான்:

"காத்து போற வழியை அடைச்சா பெட்டி சூடாயி நிக்காம என்ன பண்ணும்? மாலையைக் கழட்டு."

"கழட்டி எங்க போடறது? முதலாளி கழுத்துலயா?"

"போடு. அப்புறம் உன்னை யாரு வேலையை விட்டு அனுப்புறது? நீதான் முதலாளியம்மா."

டிபன் பாக்ஸால் அவன் தோளில் ஒரு இடி இடித்தாள். விக்கிரவாண்டி தாண்டியும் சிரிப்பு அடங்காமலே சொன்னாள்:

"மாலை சாமி படத்துக்கே போவட்டும் மாமா. எனக்கு வேலை மட்டும் போதும்."