ராணியின் முறை

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, ஐயா. பரவாயில்லை, நான் எதிலும் பிடிவாதக்காரன் இல்லை. ஒப்புக்கொண்டு வந்தவர்கள் பாதியில் கழன்றுகொள்வது மட்டும் எனக்கு ஆகாது.

அந்த நோட்டு விளையாட்டை எழுபத்தொன்றில் நான்தான் தொடங்கினேன். மேகவர்ணபுரி என்று ஒரு ராஜ்யம். ஆறு பேர், ஆளுக்கொரு வேடம். தன் வேடம் என்ன பேசியது, என்ன செய்தது என்று இரண்டு பக்கம் எழுதி, மூன்று நாளில் அடுத்தவர் வீட்டில் நோட்டைச் சேர்க்க வேண்டும். சுற்று முடிந்தால் மயிலாப்பூரில் என்னிடம் வரும். புயலா, போரா என்று நான் தீர்ப்பு எழுதி மறுபடி அனுப்புவேன். விதிகளை முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள்.

நம் ஜனங்களின் ஆரம்ப சூரத்தனம் உங்களுக்குத் தெரியாததல்ல. கப்பல் வணிகனாக வந்த ராயப்பேட்டை வலியுல்லா ஐந்தாம் சுற்றிலேயே கையை விரித்துவிட்டான். "இன்னா சார், கடைக்கே போய்க்கினு வந்துக்கினு கீறேன், இதுல கப்பல் வேற எங்க ஓட்றது?" தேனாம்பேட்டை சுவாமிநாதன் பதினோரு நாள் நோட்டை வைத்திருந்து ஒரே வரி எழுதினான்: 'தளபதி உறங்கினான்.' நயமாகச் சொன்னேன், வீடு வீடாகப் போய் நின்றேன். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

ஜலஜா மட்டும் தவறியதே இல்லை. பக்கத்துத் தெருப் பெண், இருபத்து மூன்று வயது. செண்பகராணி வேடம். இரண்டு பக்கம் கேட்டால் ஆறு பக்கம் எழுதுவாள். அதைப் படிக்கத்தான் மற்றவர்கள் மிஞ்சியிருந்தார்கள். அவள் போனால் ராஜ்யம் அன்றோடு சரி.

போன சித்திரையில் வந்தாள். "மாமா, டெல்லி உத்தியோகத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன். ஆர்டர் எங்காத்துக்கு வந்தா அப்பா கிழிச்சுப் போட்டுடுவார். உங்காத்து விலாசம் குடுத்திருக்கேன். ஆடிக்குள்ள வேலை கெடைக்கலேன்னா ராயப்பேட்டை வரனுக்குச் சரின்னு சொல்லிடணுமாம்" என்றாள். வரனுக்கு அது இரண்டாம் தாரம். மூத்த தாரத்தை அடித்துக் கொடுமைப்படுத்தினான் என்று ஊர் சொன்னது. ஊர் ஆயிரம் சொல்லும்.

ஆனி மாதம் ஆர்டர் வந்தது. பதினைந்து நாளில் டெல்லியில் சேர வேண்டும். டெல்லிக்கு நோட்டுப் போய்வர எத்தனை நாள் ஆகும், நீங்களே சொல்லுங்கள். ராயப்பேட்டை என்றால் சைக்கிளில் கால் மணி நேரம். அன்று மாலை நோட்டுக்குப் புதிதாகப் பழுப்பு அட்டை போட்டேன். பழையது ஓரம் கிழிந்திருந்தது.

தினமும் வந்து நிற்பாள். "இன்னிக்கும் ஒண்ணும் வரலையா மாமா?" வரவில்லை என்பேன். ஆவணியில் கல்யாணம். நானும் போய் அட்சதை போட்டேன். பாயசம் நன்றாக இருந்தது.

பிறகு அவள் எழுத்து மெலிந்தது. ஆறு பக்கம் இரண்டாயிற்று, இரண்டு அரையாயிற்று. இவளுமா என்று சலித்துப்போனேன். போன வாரம் வந்த நோட்டில் ஒரே வரிதான்: 'ராணி கிணற்றில் இறங்கிவிட்டாள். யாரும் தேட வேண்டாம்.' நான்காம் விதி தெளிவாக இருக்கிறது. என் அனுமதியில்லாமல் யாரும் தன் வேடத்தைச் சாகடிக்கக் கூடாது. சிவப்பு மையில் அடித்து, 'திரும்ப எழுதவும்' என்று ஓரத்தில் குறித்து, திங்கட்கிழமை அவள் கையிலேயே கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். புதன்கிழமை அவளை வீட்டுக் கிணற்றிலிருந்து எடுத்தீர்கள்.

ஆர்டர் அனுப்பியது உண்மை என்று டெல்லியில் சொன்னார்களாம். அதற்காக என் வீட்டைப் புரட்ட வேண்டாம், ஐயா. உங்கள் மேஜைமேல் இருக்கும் நோட்டின் பழுப்பு அட்டையைப் பிரியுங்கள். உள்ளே மடிப்புக்கூடக் கலையாமல் இருக்கிறது. ஆனியிலிருந்து ஆறு சுற்று, ஆறு தடவையும் அது அவள் கைக்குப் போய்த்தான் வந்தது. அவளிடமிருந்து நான் எதையும் மறைக்கவில்லை.