போர் இல்லை என்று நான் போட்ட கையெழுத்து

"வேட்டு! வேட்டு! வெரசா ஓடுங்க!"

ஓடுகிறேன். ஏலச் செடிகளுக்குள் விழுகிறேன். மகள் செல்லம் எனக்கு அடியில். அவள் வாயைப் பொத்தியிருக்கிறேன். டம். ஒன்று. டம். இரண்டு. சரளைக் கற்கள் இலைகளின் மேல் சடசடவென்று விழுகின்றன. மூன்றாவதற்குக் காத்திருக்கிறேன். வரவில்லை.

1953, ஐப்பசி. போடி மலையில் குரங்கணிக்கு மேலே ஜீப்பு ரோட்டுக்குப் பாறை உடைத்தார்கள். அவ்வளவுதான். கூடக் காய் எடுக்க வந்த பெண்கள் தள்ளி நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். "மலேயாக்காரிக்குத் தீவாளி வெடி கூட ஆகாது" என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்கு என்னடி தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். பல் தந்தியடித்தது.

மலேயாவில் கேட்ட சத்தம் வேறு. பட். பட். பட். பச்சை மூங்கில் நெருப்பில் வெடிப்பதுபோல. 1951, மாசி, செவ்வாய்க்கிழமை. வெயில் ஏறவில்லை. ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருக்கிறோம். காட்டுக்குள்ளிருந்து, வெள்ளைக்காரனை எதிர்த்த கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்கள் வருகிறார்கள். என் கணவர் கருப்பையா பால் வாளியோடு அடுத்த நிரையில் நிற்கிறார்.

"ஓடு புள்ள! பின்னால பாக்காத!"

ஓடினேன். பார்க்கவில்லை. ஏழு சத்தம். திரும்பி வந்தபோது வாளி கவிழ்ந்து கிடந்தது. பால் மண்ணில் ஓடியிருந்தது. அவர் குப்புறக் கிடந்தார்.

அதற்கு முன் ஒருமுறை லீவில் சொந்த ஊர் போடிக்கு வந்தபோது அவர் ஆயுள் இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். பத்திரம் போடியில் அவர் தம்பி முத்துவின் பெட்டியில் இருந்தது. அந்தப் பணம் வந்தால் செல்லம் போடியில் பள்ளிக்கூடம் போவாள். வராவிட்டால் என்னோடு மலையேறிக் காய் எடுத்துக்கொண்டே இருப்பாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. காய் எடுத்து எடுத்து விரல் நுனிகள் வெடித்திருந்தன.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. போரில் நேர்ந்த சாவுக்குப் பணம் கிடையாது.

போர் என்று யார் சொன்னது? முத்து. நான் கப்பலேறி வந்து சேர்வதற்குள் அவர் இங்கே கருமாதியை முடித்துவிட்டார். எல்லோரையும்போலப் பத்திரிகை அடித்தாரா? இல்லை. 'மலேயா யுத்தகளத்தில் வீரமரணம் எய்திய' என்று கறுப்புக் கட்டம் போட்டு அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தார். இன்சூரன்சுக்காரர்கள் சாவுக்கு அத்தாட்சி கேட்டபோது அதில் ஒன்றையே மடித்து விண்ணப்பத்தோடு வைத்துவிட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். உறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அது என் தப்பு.

பத்திரம் போட்டுக்கொடுத்த ஏஜெண்டு தலையில் அடித்துக்கொண்டார். "எவனோ சுட்டுக் கொன்னுட்டான்னா பணம் உண்டு ஆத்தா. யுத்தம்னா காலணா தேறாது. தோட்டத்துல ஒரு காகிதம் வாங்குங்க. பத்திரிகையில அடிச்சது பொய்யின்னு ஒங்க கொழுந்தனாரும் எழுதிக் குடுக்கணும்."

மலேயாவுக்கு எழுதிப் போட்டேன். மாதங்கள் போயின. உட்கார முடியவில்லை. படுக்க முடியவில்லை. தபால்காரர் தெருமுனை திரும்பும்போதே நான் வாசலில் நிற்பேன். அவர் கையை விரிப்பார். ஒருநாள் விரிக்கவில்லை.

தோட்டத்துக் காகிதத்தில் போர் என்ற சொல்லே இல்லை. 'அவசரநிலை' என்றிருந்தது. 'பயங்கரவாதிகளால் கொல்லப்பட்டார்' என்றிருந்தது. தலைக்கு மேலே விமானம் குண்டு போட்டது. நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அரிசியை அளந்து கொடுத்தார்கள். லாரி லாரியாகப் பட்டாளம் வந்தது. அதற்குப் பெயர் அவசரநிலையாம்.

முத்து எழுத மறுத்தார். "எங்கண்ணன் சும்மா செத்தாருன்னு எழுதச் சொல்றீங்களா மதினி? பத்திரிகை வாங்குன ஊரே காறித் துப்பும்."

எனக்குப் பொறுக்கவில்லை. கத்தினேன். "துப்பட்டும் தம்பி! அவரு கையில துப்பாக்கியா இருந்துச்சு? பால் வாளி இருந்துச்சு! முதுகுலதான் சுட்டாங்க! நாந்தான பார்த்தேன்! எழுதுங்க!"

முதுகு என்று அதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. முத்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார். பிறகு எழுதினார்.

கம்பெனி அதிகாரி முன்னால் நானும் எழுதிக் கொடுத்தேன். 'என் கணவர் இறந்தது போரில் அல்ல.' வாசித்துக் காட்டினார்கள். சரியா என்று கேட்டார்கள். சரி என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

1954, ஆனி. பணம் வந்தது. செல்லம் பள்ளிக்கூடம் போனாள். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. இன்னொரு முறை கேட்டாலும் அதே கையெழுத்தைப் போடுவேன்.

ஆனால் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். அது போர்தான். நான் அதற்குள் இருந்தேன். செத்தவர்களைச் சொல்கிறேன்.

என் கணவர் கருப்பையா, முப்பத்துநான்கு வயது. அவருக்குப் பக்கத்தில் பால் வெட்டிய ராக்காயி. அவள் தம்பி சோலை. அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

பிறகு, ஊருக்கு வரும் கப்பலில், என் வயிற்றில் இருந்த ஐந்து மாதப் பிள்ளை. பழைய சேலையில் சுற்றிக் கடலில் விட்டோம். ஆண் பிள்ளை. அவனைப் பற்றி எந்தக் காகிதத்திலும் யாரும் கேட்கவில்லை.

நான்கு பேர்.